எஃப்சிங்க் போட்டால் வேகம் போகிறது, எடுத்தால் தரவு போகிறது. ஜர்னல் இருந்தும் ஏன்?

பதிவேடு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. அளவீட்டுக் கருவிகள் அனுப்பும் பதிவுகளை வாங்கி வட்டில் சேமிக்கும் ஒரு சேவையை எழுதிக்கொண்டிருக்கிறேன். லினக்ஸ், எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, மவுன்ட் ஆப்ஷன் எதையும் மாற்றவில்லை, நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் சாதாரண ஹார்ட் டிஸ்க். ஒவ்வொரு பதிவும் சில நூறு பைட்தான், ஒரே கோப்பின் வாலில் சேர்த்துக்கொண்டே போகிறேன். இது தவிர ஒரு குட்டி நிலைக் கோப்பு இருக்கிறது. எந்தப் பதிவு வரை மேலே அனுப்பி முடித்தாயிற்று என்று அதில் குறித்து வைக்கிறேன். சேவை தொடங்கும்போதே அதைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு முறையும் பூஜ்யத்துக்கு வெட்டி மறுபடி எழுதுகிறேன், நடுவில் மூடுவதில்லை.

ஒவ்வொரு பதிவுக்கும் பின்னால் எஃப்சிங்க் (எழுதியது வட்டில் இறங்கும்வரை காத்திருக்கும் அழைப்பு) போட்டால் சேவை நகரவே மாட்டேன் என்கிறது. எடுத்துவிட்டால் பறக்கிறது. எடுத்த நிலையில் பெட்டியின் மின் இணைப்பைப் பிடுங்கிப் பார்த்தேன். கடைசிப் பல வினாடிகளின் பதிவுகள் காணோம், அது கூடப் பரவாயில்லை, நிலைக் கோப்பு 0 பைட்டாக நிற்கிறது. பழைய மதிப்பும் இல்லை, புதிய மதிப்பும் இல்லை.

உடன் வேலை செய்பவர்கள் "ஜர்னல் இருக்கும் கோப்பு முறைமைதானே, எஃப்சிங்க் எதற்கு" என்கிறார்கள். அப்படியானால் ஜர்னல் என்ன செய்துகொண்டிருந்தது? எக்ஸ்எஃப்எஸ் அல்லது இசட்எஃப்எஸ்ஸுக்கு மாறினால் இது தீருமா? இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது: கோப்பு முறைமையை வடிவமைப்பவர்கள் இதையெல்லாம் இயல்பாகவே பாதுகாப்பாக வைத்துவிட்டால் என்ன, ஏன் ஒவ்வொரு நிரல் எழுதுபவரும் இந்தத் தலைவலியைச் சுமக்க வேண்டும்?

அடுக்குநிலை எழுதியது:

ஜர்னல், அதாவது மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் இடம், தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. உங்கள் தரவைக் காப்பது அதன் வேலையே இல்லை, அங்கேதான் குழப்பம். எக்ஸ்ட்4 இயல்பாக ஜர்னலில் எழுதுவது மெட்டாடேட்டாவை மட்டும்: ஐநோடு, அடைவு, எந்தத் தொகுதி யாருக்குச் சொந்தம் என்ற கணக்கு. மின்சாரம் போய் வந்தபின் இந்தக் கணக்கு ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்கும், மணிக்கணக்கில் எஃப்எஸ்செக் (கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் கருவி) ஓட்ட வேண்டியதில்லை. அது தருகிற உறுதி அவ்வளவுதான். கோப்புக்குள் நீங்கள் எழுதிய பைட்டுகள் பத்திரமாக வந்து சேர்ந்தனவா என்பது வேறு கேள்வி.

உங்கள் 0 பைட் கோப்பு எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வேகத்துக்கும் பாதுகாப்புக்கும் நடுவில் நடக்கும் பேரம் முழுக்க இந்த ஒரு சம்பவத்தில் இருக்கிறது.

ரைட் அழைப்பு திரும்பி வரும்போது உங்கள் தரவு கர்னலின் பேஜ் கேஷில், அதாவது சாதாரண ரேமில்தான் இருக்கிறது. பின்னணியில் ஓடும் கர்னல் த்ரெட் 5 வினாடிக்கு ஒருமுறை எழுந்து, 30 வினாடிக்கு மேல் பழையதான அழுக்குப் பக்கங்களை (மாறியும் இன்னும் வட்டில் எழுதப்படாதவை) வட்டுக்கு அனுப்பும். இரண்டும் இயல்பு மதிப்புகள், மாற்றிக்கொள்ளலாம். ஜர்னலோ தனியாக 5 வினாடிக்கு ஒருமுறை கமிட் ஆகிறது, அதாவது வட்டில் எழுதி உறுதியாகிறது. இதோடு எக்ஸ்ட்4-இல் டிலேய்ட் அலொகேஷன் சேர்கிறது: நீங்கள் எழுதும் நேரத்தில் வட்டில் இடமே ஒதுக்கப்படாது, பக்கங்கள் நிஜமாக வெளியே போகும் நேரத்தில்தான் ஒதுக்கப்படும். இப்போது வரிசையைப் பாருங்கள். நீங்கள் கோப்பைப் பூஜ்யத்துக்கு வெட்டியது மெட்டாடேட்டா மாற்றம், 5 வினாடிக்குள் ஜர்னலில் ஏறி நிரந்தரமாகிவிட்டது. புதிய உள்ளடக்கம் ரேமில் தூங்குகிறது, அதற்குத் தொகுதியே இல்லை, அதனால் கோப்பின் புதிய நீளமும் வட்டுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில் நீங்கள் மின்சாரத்தைப் பிடுங்கினீர்கள். கோப்பு முறைமையின் கண்ணில் இது முற்றிலும் முரணற்ற நிலை, நீளம் பூஜ்யமான, நன்றாக இருக்கும் ஒரு கோப்பு.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. எக்ஸ்ட்3 காலத்தில் ஆர்டர்ட் மோடில், டிலேய்ட் அலொகேஷன் இல்லாததால், மெட்டாடேட்டா கமிட் ஆவதற்கு முன் அது சார்ந்த தரவுத் தொகுதிகள் வட்டில் இறங்கியாக வேண்டும். ஆக 5 வினாடிக்கு ஒருமுறை கிட்டத்தட்ட எல்லாமே வட்டுக்குப் போய்விடும். யாரும் வாக்குக் கொடுக்காமலேயே கிடைத்த பாதுகாப்பு இது, நிரல் எழுதுபவர்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். 2008 டிசம்பரில் வந்த 2.6.28 கர்னலில் எக்ஸ்ட்4 சோதனை நிலையிலிருந்து வெளியே வந்தது, 2009 தொடக்கத்திலேயே மின்சாரம் போனால் அமைப்புக் கோப்புகள் காலியாகின்றன என்று புகார்கள் குவிந்தன. எக்ஸ்ட்4-ஐப் பராமரித்த டெட் சோ, போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களின் தரநிலை) விதிப்படி எஃப்சிங்க் போடாத நிரலுக்கு எந்த உறுதியும் கிடையாது என்று விளக்கினார், ஆனாலும் 2.6.30-இல் இரண்டு சலுகைகளைச் சேர்த்தார்: புதிய கோப்பைப் பழைய பெயரின் மேல் ரீநேம் செய்தாலோ, வெட்டி எழுதிய கோப்பை மூடினாலோ, அந்தத் தரவுக்கு உடனே இடம் ஒதுக்கி வெளியே தள்ளும். நீங்கள் கோப்பை மூடுவதே இல்லை என்பதால் இரண்டாவது சலுகையும் உங்களுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அதை நம்பி ஒரு சேவையைக் கட்டக் கூடாது, வெட்டுவதற்கும் மூடுவதற்கும் நடுவில் கமிட் விழுந்தால் அதே கதைதான்.

"இயல்பாகவே பாதுகாப்பாக வைத்தால் என்ன" என்று கேட்டீர்கள். எக்ஸ்ட்3 ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது, அதன் விலை என்ன என்பதும் தெரிந்த விஷயம். ஒரு சின்னக் கோப்புக்கு எஃப்சிங்க் கேட்டால், ஆர்டர்ட் விதியின்படி அதே கமிட்டில் சேர்ந்திருக்கும் மற்ற எல்லாக் கோப்புகளின் தரவும் முதலில் இறங்க வேண்டும். பின்னணியில் பெரிய கோப்பு ஒன்று நகலாகிக்கொண்டிருந்தால் உங்கள் சில பைட்டுகளுக்காகப் பல வினாடி காத்திருப்பு. 2008-இல் ஃபயர்ஃபாக்ஸ் 3 வரலாற்றையும் புக்மார்க்கையும் எஸ்க்யூலைட் என்ற குட்டித் தரவுத்தளத்தில் வைக்கத் தொடங்கி அடிக்கடி எஃப்சிங்க் கேட்டபோது, லினக்ஸில் உலாவி உறைந்து உறைந்து நின்றது இதனால்தான். எஃப்சிங்க் இப்படி வலித்ததால் நிரலாளர்கள் அதைத் தவிர்க்கக் கற்றுக்கொண்டார்கள், தவிர்த்த நிரல்கள் அடுத்த கோப்பு முறைமையில் உடைந்தன. இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். கேட்காதவர்களுக்கும் பாதுகாப்பு கொடுக்கப் போய், கேட்டவர்களைத் தண்டித்த வடிவமைப்பு அது.

தள்ளிப்போடுவதில் உண்மையான லாபமும் இருக்கிறது. தொகுப்பியோ உலாவியோ உருவாக்கும் தற்காலிகக் கோப்புகள் சில வினாடிகளில் அழிந்துவிடும், அவை வட்டைத் தொடவே தேவையில்லை. ஒரே பக்கத்தைப் பலமுறை மாற்றினால் கடைசி வடிவம் மட்டும் போனால் போதும். கோப்பின் முழு நீளம் தெரிந்தபின் இடம் ஒதுக்கினால் துண்டு துண்டாகாமல் அடுத்தடுத்த தொகுதிகளாகக் கிடைக்கும். எக்ஸ்எஃப்எஸ், இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் எல்லாமே ஏதோ ஒரு வடிவில் இதைச் செய்கின்றன, அதனால் முறைமையை மாற்றுவதால் மட்டும் உங்கள் பிரச்சினை தீராது.

நிலைக் கோப்புக்கு வழி பழையதுதான். அதே அடைவில் வேறு பெயரில் புதிய கோப்பு எழுதுங்கள், அதற்கு எஃப்சிங்க், பிறகு பழைய பெயரின் மேல் ரீநேம், அப்புறம் அந்த அடைவையே திறந்து அதற்கும் ஒரு எஃப்சிங்க். கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் மின்சாரம் போனபின் பழைய கோப்பே திரும்பி வரலாம், குறைந்தபட்சம் காலியாக வராது. பாதிக் கோப்பு என்ற நிலை மட்டும் எந்தக் கணத்திலும் கிடையாது.

வேகம்முதல் எழுதியது:

இவ்வளவு சுற்ற வேண்டுமா என்று தோன்றுகிறது. யுபிஎஸ் ஒன்று வைத்துவிட்டு, மவுன்ட் செய்யும்போது பேரியரை நிறுத்தி, டேட்டா ரைட்பேக் மோடுக்கு மாற்றினால் எஃப்சிங்க் கணிசமாக மலிவாகிவிடும். நாங்கள் அப்படித்தான் ஓட்டுகிறோம், இதுவரை ஒன்றும் ஆகவில்லை. எல்லாத் தரவும் தங்கம் இல்லையே, அளவீட்டுப் பதிவில் கொஞ்சம் போனால் என்ன?

அடுக்குநிலை எழுதியது:

கொஞ்சம் போனால் பரவாயில்லை என்பது நியாயமான முடிவு, அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு மாற்றங்களும் "கொஞ்சம் போவது" என்ற வகையில் சேராதவை.

வட்டுக்குள்ளேயே ஒரு கேஷ் இருக்கிறது, அது வந்த வரிசையில்தான் எழுதும் என்று எந்த நிச்சயமும் இல்லை. பேரியர் என்பது கமிட் குறிப்புக்கு முன்னால் வட்டுக்கேஷைக் காலிசெய்யச் (ஃப்ளஷ்) சொல்லி அந்த வரிசையைக் காப்பது. அதை நிறுத்தினால் ஜர்னலின் கமிட் குறிப்பு வட்டில் இருக்கும், அது குறிக்கும் உள்ளடக்கம் இருக்காது என்ற நிலை வரலாம். அப்போது போவது கடைசி சில வினாடிகள் இல்லை, ஒரு மாதம் முன்பு எழுதி யாரும் தொடாத அடைவு கூடச் சிதையலாம். வரிசை கெடுவதும் கடைசிப் பகுதி தொலைவதும் ஒரே எடையுள்ள இழப்புகள் இல்லை, இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

யுபிஎஸ் வெளியிலிருந்து வரும் மின்சாரத்தை மட்டுமே காக்கும். பெட்டிக்குள் இருக்கும் மின்வழங்கி பழுதாகலாம், வட்டின் கேபிள் தளரலாம், பெட்டி தொங்கிப்போய் யாராவது பவர் பொத்தானை அழுத்திப் பிடிக்கலாம். எக்ஸ்எஃப்எஸ்ஸில் பேரியரை நிறுத்தும் ஆப்ஷனையே பிறகு நீக்கிவிட்டார்கள். மின்கலம் பொருத்திய ரெய்டு கன்ட்ரோலரோ, மின்தேக்கி வைத்த சர்வர் ரக எஸ்எஸ்டியோ இருந்தால் ஃப்ளஷ் கட்டளைக்கு அவை உடனே பதில் சொல்லிவிடும், மின்சாரம் போனாலும் கேஷில் இருப்பதை இறக்கிவைக்க அவற்றிடம் சக்தி இருக்கிறது. அங்கே பேரியரை நிறுத்தி மிச்சம் பிடிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை.

ரைட்பேக் மோடில் இன்னொரு விஷயம். தரவு இறங்கும் முன்பே மெட்டாடேட்டா கமிட் ஆகலாம் என்பதால், மீண்டும் துவங்கும்போது உங்கள் கோப்புக்குள் அந்தத் தொகுதிகளில் முன்பு கிடந்த பழைய பைட்டுகள் தெரியலாம். வேறு பயனர் அழித்த கோப்பின் துண்டாகவும் அது இருக்கலாம். பலர் பயன்படுத்தும் கணினியில் இது தரவு இழப்பைத் தாண்டி ரகசியம் கசியும் பிரச்சினை.

பி_மரம் எழுதியது:

நிலைக் கோப்பைப் பற்றி மேலே சொல்லியாயிற்று, நான் பதிவுக் கோப்பைப் பற்றிப் பேசுகிறேன். பல காலமாகத் தரவுத்தளங்களோடுதான் வேலை, இதே கேள்வியை அவர்கள் முன்பே சந்தித்துத் தீர்த்திருக்கிறார்கள்.

7200 சுற்று வட்டு ஒரு முறை சுற்ற 8.3 மில்லிவினாடி ஆகும். ஒரே கோப்பின் வாலில் எழுதி, ஃப்ளஷ், மீண்டும் எழுதி, ஃப்ளஷ் என்று போனால் வினாடிக்கு 120-ஐத் தாண்டுவது கடினம், ஜர்னல் கமிட்டும் சேர்ந்தால் அதற்கும் கீழே. இந்த எண்ணோடு சண்டை போட முடியாது. ஒரு ஃப்ளஷ்ஷில் எத்தனை பதிவு ஏறுகிறது என்பது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. ஒரு எஃப்சிங்க் ஓடிக்கொண்டிருக்கும்போது வரும் பதிவுகளை எல்லாம் வரிசையில் சேர்த்து வையுங்கள், அது முடிந்ததும் சேர்ந்த மொத்தத்தையும் ஒரே ரைட், ஒரே எஃப்சிங்க், அதன்பிறகு அந்தப் பதிவுகளை அனுப்பிய எல்லாருக்கும் "பெற்றுக்கொண்டேன்" என்று பதில். இதைத்தான் குரூப் கமிட் என்கிறார்கள். சுமை ஏற ஏறக் கட்டு பெரிதாகும், வட்டின் வேகம் தானாகவே பகிர்ந்துகொள்ளப்படும். தனி ஒரு பதிவின் தாமதம் கொஞ்சம் கூடும், மொத்தக் கொள்ளளவு பல மடங்கு ஏறும், கொடுத்த வாக்கும் பொய்யாகாது. வேகத்துக்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பதற்கு முன்னால் இந்த இடத்தில் கிடைக்கும் வேகத்தை முழுக்க எடுத்தாயிற்றா என்று பாருங்கள், பெரும்பாலும் அதற்கு மேல் தேவையே இருக்காது.

அடுத்தது, எஃப்சிங்குக்குப் பதில் எஃப்டேட்டாசிங்க் போட்டால் மலிவு என்று பலர் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. மாற்றிய நேரம் போன்ற தேவையற்ற மெட்டாடேட்டாவை அது விட்டுவிடும், ஆனால் வாலில் சேர்க்கும்போது கோப்பின் நீளம் மாறுகிறதே, நீளம் இல்லாமல் தரவைப் படிக்க முடியாது, அதனால் ஜர்னல் கமிட் நடந்தே தீரும். கோப்பை முன்கூட்டியே முழு அளவுக்குப் பூஜ்யங்களால் நிஜமாக எழுதி வைத்துவிட்டு அதற்குள் எழுதினால்தான் லாபம் முழுதாகக் கிடைக்கும். வெறும் ஃபேலொகேட் மட்டும் போதாது, அது ஒதுக்கும் இடம் "இன்னும் எழுதப்படாதது" என்று குறிக்கப்பட்டிருக்கும், முதல் முறை எழுதும்போது அந்தக் குறியை மாற்ற மறுபடி மெட்டாடேட்டா தேவை. போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் தன் வால் (WAL, மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் பதிவேடு) கோப்புகளை 16 எம்பி துண்டுகளாகப் பூஜ்யத்தால் நிரப்பி உருவாக்குவதும், பழைய துண்டுகளைப் பெயர் மாற்றி மறுபடி பயன்படுத்துவதும் இதை மனதில் வைத்துத்தான்.

ஒவ்வொரு பதிவின் தலையிலும் நீளமும் ஒரு சிஆர்சியும் (பிழையைக் கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு எண்) வையுங்கள். ஒரு பதிவு பாதி எழுதிய நிலையில் மின்சாரம் போகத்தான் செய்யும், கோப்பு முறைமை அதைத் தடுக்காது. மீண்டும் துவங்கும்போது தொடக்கத்திலிருந்தோ கடைசிச் சோதனைப் புள்ளியிலிருந்தோ படித்துக்கொண்டே வந்து, சிஆர்சி பொருந்தாத முதல் இடத்தில் வெட்டிவிடுங்கள். அந்த இடத்துக்குப் பின்னால் இருப்பது எதற்கும் நீங்கள் பதில் அனுப்பியிருக்க மாட்டீர்கள், அதனால் அதை இழப்பது வாக்கு மீறல் ஆகாது.

நிலைக் கோப்பு தேவையா என்பதையும் யோசியுங்கள். "இது வரை அனுப்பியாயிற்று" என்ற குறிப்பையும் அதே பதிவுக் கோப்பில் இன்னொரு வகைப் பதிவாக எழுதிவிடலாம். இரண்டு கோப்புகள் என்றால் அவற்றுக்கு இடையே எது முதலில் இறங்கும் என்ற கவலை எப்போதும் இருக்கும், ஒரே கோப்பு ஒரே வரிசை என்றால் அந்தக் கவலை போயிற்று. குறிப்பு தொலைந்தால் சில பதிவுகள் மேலே இரண்டு முறை போகும், வாங்கும் பக்கம் வரிசை எண்ணைப் பார்த்துத் தள்ளிவிட்டால் போதும்.

ஒரு எச்சரிக்கை, இது எல்லாவற்றையும் விட முக்கியம் என்று நினைக்கிறேன். எஃப்சிங்க் பிழை திருப்பினால் மறுபடி கூப்பிட்டுப் பார்க்காதீர்கள். 2018-இல் போஸ்ட்கிரஸ்காரர்கள் கண்டது இதுதான்: எழுத முடியாமல் போன பக்கத்தை லினக்ஸ் கர்னல் சுத்தமானது என்று குறித்துவிடுகிறது, பிழையை ஒருமுறை மட்டும் சொல்கிறது, இரண்டாவது எஃப்சிங்க் வெற்றி என்று திரும்பி வருகிறது, தரவோ வட்டில் இல்லை. அதன்பிறகு அவர்கள் எஃப்சிங்க் தோற்றால் சேவையகத்தையே நிறுத்தி, அந்த WAL பதிவேட்டிலிருந்து மீட்டெடுப்பது என்று மாற்றினார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள், நிறுத்திவிட்டு வட்டிலிருந்து மறுபடி படித்துத் தொடங்குங்கள்.

இதையெல்லாம் கையால் எழுத விருப்பமில்லை என்றால் எஸ்க்யூலைட்டை வால் (WAL) மோடில் வைத்துப் பயன்படுத்தலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை. அதில் சிங்க்ரனஸ் நார்மல் என்று வைத்தால் மின்சாரம் போனபோது தரவுத்தளம் கெடாது, கடைசி சில பரிவர்த்தனைகள் மட்டும் போகலாம். ஃபுல் என்று வைத்தால் அவையும் போகாது, ஒவ்வொரு கமிட்டுக்கும் ஒரு ஃப்ளஷ் விலை. நீங்கள் கேட்ட பேரத்தை இவ்வளவு தெளிவாக, கெடுவதையும் தொலைவதையும் பிரித்து, ஒரே அமைப்பில் கொடுத்திருக்கிறார்கள்.

பதிவேடு எழுதியது:

மிக்க நன்றி, இருவருக்கும். குரூப் கமிட் எழுதிவிட்டேன், நிலைக் கோப்பைத் தூக்கிவிட்டுக் குறிப்பைப் பதிவுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டேன். கருவிகள் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் கூடினாலும் அவற்றுக்கு அது பொருட்டில்லை, சேவை இப்போது சுமையைத் தாங்குகிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். இசட்எஃப்எஸ் மாதிரி மேலெழுதாத முறைமைகளில் இந்தக் கவலையே இல்லை என்று எங்கும் படிக்கிறேனே, அது எந்த அளவுக்குச் சரி? அப்புறம், நான் செய்தது உண்மையிலேயே பாதுகாப்பா என்று சோதிப்பது எப்படி? கில் மைனஸ் 9 அடித்து அடித்துப் பார்க்கிறேன், ஒன்றும் தொலையவில்லை.

பிரதி எழுதியது:

முதல் சந்தேகத்துக்கு நான் வருகிறேன், இசட்எஃப்எஸ் சேவையகங்களைப் பராமரிப்பதுதான் என் வேலை.

பழைய தொகுதியின் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதி, மரத்தின் கிளைகளை மாற்றிக்கொண்டே போய், கடைசியில் வேரை ஒரே அடியில் மாற்றுவது அதன் வழி. எந்தக் கணத்தில் மின்சாரம் போனாலும் பழைய முழு மரமோ புதிய முழு மரமோ கிடைக்கும். ஆனால் அந்த வேர் மாற்றம் இயல்பாக 5 வினாடிக்கு ஒருமுறை நடப்பது. எஃப்சிங்க் கேட்காத நிரலின் கடைசி சில வினாடி எழுத்துகள் இங்கேயும் போகும். எஃப்சிங்க் கேட்டால் மரம் முழுவதையும் இறக்கக் காத்திருக்காமல் இசட்ஐஎல் (ZIL) எனப்படும் தனிப் பதிவேட்டில் எழுதிவிட்டு உடனே திரும்பும், அந்தப் பதிவேட்டைத் தனி எஸ்எஸ்டியில் வைத்தால் வேகம் கூடும். அந்த எஸ்எஸ்டிக்கு மின்தேக்கிப் பாதுகாப்பு கட்டாயம் வேண்டும். சிங்க் டிசேபிள்ட் என்று ஒரு வசதி இருக்கிறது, அதைப் போட்டால் பூல் (வட்டுகளின் தொகுப்பு) கெடாது, ஆனால் எஃப்சிங்க் வெற்றி என்று சொல்வது உண்மையாக இருக்காது. தரவுத்தளம் வைத்திருப்பவர்கள் வேகத்தைப் பார்த்து மயங்கி அதைப் போடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இசட்எஃப்எஸ்ஸுக்கும் பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கும் உள்ள உண்மையான பலம் செக்சம், அதாவது தரவோடு வைக்கும் சரிபார்ப்பு எண். வட்டு அமைதியாகத் தப்பான பைட்டைக் கொடுத்தால் எக்ஸ்ட்4 அதை அப்படியே உங்களிடம் தரும், மெட்டாடேட்டாவுக்கு மட்டுமே அங்கே செக்சம் உண்டு. இவை கண்டுபிடிக்கும், இன்னொரு பிரதி இருந்தால் சரிசெய்தும் கொடுக்கும். ஒரே வட்டு, ஒரே பிரதி என்றால் பிழை என்று சொல்ல மட்டும்தான் முடியும்.

விலை எங்கே என்றால், பெரிய கோப்பின் நடுவில் அங்கங்கே சின்னச் சின்னதாக மாற்றும் வேலையில். இசட்எஃப்எஸ்ஸில் இயல்பான ரெக்கார்டு அளவு 128 கேபி, 8 கேபி மாற்றினாலும் முழு ரெக்கார்டையும் படித்து, மாற்றி, புதிய இடத்தில் எழுத வேண்டும், அதனால் தரவுத்தளத்துக்கு அந்த அளவைக் குறைத்து வைப்பார்கள். பிடிஆர்எஃப்எஸ்ஸில் இப்படிப்பட்ட கோப்பு துண்டு துண்டாகிவிடும், அதைத் தவிர்க்க நோடேட்டாகவ் (பழைய இடத்திலேயே மேலெழுதச் சொல்லும் ஆப்ஷன்) போட்டால் அந்தக் கோப்புக்குச் செக்சமும் போய்விடும். எதற்காக அந்த முறைமைக்கு வந்தீர்களோ அதையே விட்டுக்கொடுப்பது, யோசித்துச் செய்யுங்கள். நீங்கள் வாலில் மட்டும் சேர்ப்பவர், உங்களுக்கு இந்தத் தொல்லை அநேகமாக வராது. பதிவுகளை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் செக்சமுக்காக மாறுவது நல்லது, எஃப்சிங்கிலிருந்து தப்பிப்பதற்காக வேண்டாம்.

மேக்கில் ஓட்டும் எண்ணம் இருந்தால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: அங்கே எஃப்சிங்க் வட்டின் சொந்தக் கேஷைக் காலிசெய்யாது, அதற்கு எஃப்_ஃபுல்எஃப்சிங்க் என்று தனியாகக் கேட்க வேண்டும்.

அடுக்குநிலை எழுதியது:

சோதனை பற்றி. கில் மைனஸ் 9 உங்கள் நிரலைத்தான் கொல்லும், பேஜ் கேஷ் கர்னலிடம் பத்திரமாக இருக்கும், அதனால் எஃப்சிங்க் ஒன்று கூட இல்லாத நிரலும் அந்தச் சோதனையில் தேறிவிடும். மெய்நிகர் கணினியை அணைத்துப் பார்ப்பது ஓரளவு உதவும், ஆனால் ஹோஸ்டின் பேஜ் கேஷ் உயிரோடு இருப்பதால் வட்டுக்கேஷ் சோதிக்கப்படாது. கேமு என்ற மெய்நிகர் கணினி மென்பொருளில் கேஷ் அன்சேஃப் என்று வைத்திருந்தால் ஃப்ளஷ் கட்டளையே புறக்கணிக்கப்படும், அப்போது என்ன அளந்தாலும் அர்த்தமில்லை. கர்னலில் டிஎம் லாக் ரைட்ஸ் என்ற ஒன்று இருக்கிறது, வட்டுக்குப் போகும் ஒவ்வொரு எழுத்தையும் ஃப்ளஷ்ஷையும் வரிசையாகப் பதிந்து வைக்கும். பிறகு எந்தப் புள்ளி வரை வேண்டுமோ அதுவரை மட்டும் திருப்பி ஓட்டி, அந்த இடத்தில் மின்சாரம் போயிருந்தால் உங்கள் சேவை எப்படி எழுந்திருக்கும் என்று பார்க்கலாம். கோப்பு முறைமை எழுதுபவர்களே இதைப் பயன்படுத்துகிறார்கள், ஒரு முறை அமைத்துவிட்டால் மிகவும் பயனுள்ளது.

அதற்கு முன்னால் எளிதான ஒரு சோதனை. ஒரு தொகுதியை எழுதி எஃப்சிங்க் செய்வதைச் சுழலில் போட்டு, வினாடிக்கு எத்தனை முடிகிறது என்று எண்ணுங்கள். உங்கள் வட்டில் 120-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ வந்தால் சரி. ஆயிரக்கணக்கில் வந்தால், மின்கலக் கன்ட்ரோலர் எதுவும் இல்லாத நிலையில், நடுவில் ஏதோ ஒரு அடுக்கு ஃப்ளஷ்ஷை விழுங்குகிறது, முதலில் அது எந்த அடுக்கு என்று தேடுங்கள்.

அது சரியாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கும் சோதனைக்கு வாருங்கள். வரிசை எண் போட்ட பதிவுகளை இரண்டாவது கணினியிலிருந்து அனுப்புங்கள், பதில் கிடைத்த எண்களை அந்தக் கணினியே தன்னிடம் குறித்துக்கொள்ளட்டும். முழுச் சுமையில் ஓடும்போது சேவை ஓடும் கணினியின் மின்சாரத்தை நிறுத்துங்கள், மீண்டும் எழுந்ததும் இரண்டு பட்டியல்களையும் ஒப்பிடுங்கள். பதில் போன எண் ஒவ்வொன்றும் வட்டில் இருக்க வேண்டும். பதில் போகாத எண் சில இருந்தாலும் தவறில்லை, அவை எழுதியபின் பதில் அனுப்பும் முன் மின்சாரம் போனவை.

பதிவேடு எழுதியது:

சுழல் சோதனையை உடனே ஓட்டினேன், 120-க்குக் கீழேதான் வருகிறது. இரண்டாவது கணினியை இன்று இரவு அமைக்கிறேன். பதில் போன எண் எதுவும் காணாமல் போனால் டிஎம் லாக் ரைட்ஸ் பதிவோடு இங்கேயே வந்து போடுகிறேன்.